பிள்ளைக்கென்று ஒதுக்கிய மூன்று மாதம்

அறுபத்தெட்டாம் வருஷம், ஆடி மாதக் கடைசியில், லேடி டாக்டர் எனக்கு மாசி மாதத்தைக் குறித்துக் கொடுத்தார். "மாசி முதல் பாதியில இருக்கும். முன்னே பின்னே ஆகலாம்" என்றார். முன்னே என்றால் எவ்வளவு, பின்னே என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"என்னம்மா, ரயிலுக்கு டிக்கெட் எடுக்கப் போறியா?"

தேதி விஷயத்தில் நான் சிறு வயதிலிருந்தே அப்படித்தான். மழை பெய்தாலும் மாடு கன்று போட்டாலும் கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்வேன். நூலகத்திலிருந்து எடுத்துவரும் சரித்திரப் புத்தகங்களில் ராஜாக்களின் போரைவிட அவர்கள் பட்டமேறிய வருஷம்தான் எனக்குப் பிடிக்கும். எங்கள் ஊர்க் கோயில் சுவர்களில், விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் எந்த ராஜாவின் எத்தனையாவது வருஷத்தில் கொடுத்தான் என்பதுகூட வெட்டி வைத்திருக்கிறது. பிள்ளை பெற்ற ஒரு பெண் எப்போது வேலைக்குத் திரும்பினாள் என்று எந்தச் சுவரிலும் இல்லை. அந்த வருஷம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நான் அப்போது ஊர்த் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். அரசாங்க வேலை. பிரசவத்துக்குச் சம்பளத்தோடு மூன்று மாதம் லீவு உண்டு. எப்போது தொடங்குவது என்பது நம் இஷ்டம். முன்னால் எடுத்தது பின்னால் குறையும், அவ்வளவுதான் கணக்கு. மற்ற லீவெல்லாம் என் கல்யாணத்துக்குக் கொஞ்சமும், கல்யாணம் ஆன கையோடு வந்த மஞ்சள் காமாலைக்கு மிச்சமுமாகத் தீர்ந்திருந்தது. ஆகவே என்னிடம் இருந்தது அந்த மூன்று மாதம் மட்டும். அதைப் பிள்ளை பிறந்த பிறகுக்கென்று சிந்தாமல் வைக்க வேண்டும் என்று டாக்டர் வீட்டிலிருந்து நடந்து வரும்போதே முடிவு செய்துகொண்டேன்.

அதற்குக் காரணம் புத்தகம் எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் தோழி. என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவள். முந்தின வருஷம் அவளுக்குக் கால் வீங்கியது என்று வீட்டார் பயந்து, எட்டாம் மாதமே லீவு எழுதிக் கொடுக்க வைத்துவிட்டார்கள். பிள்ளை பிறந்தபோது லீவில் பாதிக்கு மேல் போய்விட்டது. கழுத்துக்கூட நிற்காத குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அவள் வந்து உட்கார்ந்தாள். காலை பத்து மணிக்கு மேல் பட்டுக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் அவளுக்கு மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். எழுந்து போக முடியாது. ரவிக்கை நனைந்துவிடும். கைப்பையில் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பாள். அதைப் புடவைக்குள் செருகிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லுவாள். குரல் மட்டும் மாறாது. முகத்தை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அவள்தான் எனக்குச் சொன்னாள். "இங்க பாரு, யார் என்ன சொன்னாலும் சரி, வலி எடுக்கற வரைக்கும் வந்து உக்காரு. நான் பார்த்துக்கறேன்."

வீட்டில் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை எங்களோடு பெரிய காஞ்சிபுரத்தில் இருந்தார். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாங்கள் குடியிருந்தது நெசவுக்காரர் தெரு. விவசாயக் குடும்பம் என்றாலும் அத்தை இளம் வயதிலேயே ராட்டையில் பட்டு சுற்றக் கற்றுக்கொண்டவர். பகலெல்லாம் பக்கத்து வீட்டில்தான் இருப்பார். அது தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அவர்கள் தறிக்கு வேண்டிய பட்டை அத்தை சுற்றிக் கொடுப்பார்.

நான் முழுகாமல் இருப்பது தெரிந்த நாளிலிருந்து அத்தைக்கு ஒரே கவலை, என் கைகள்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிரே ஒரு பெரிய போர்டு. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு கடை அல்லது ஒரு வீடு. யாராவது போனை எடுத்தால் அவர் துளைக்கு மேல் விளக்கு எரியும். நாங்கள் ஒரு கயிறு போன்ற ஒயரை எடுத்து அதில் செருகி, எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டு, ஜோடி ஒயரை அந்த நம்பரின் துளையில் செருக வேண்டும். மேல் வரிசைக்குக் கை தலைக்கு மேலே போகும். ஒருநாள் வீட்டில் விளையாட்டாக அதை நடித்துக் காட்டியதுதான் நான் செய்த வினை.

"அய்யய்யோ! இப்பிடியா நாள் முச்சூடும் தூக்கிக்கினு இருப்ப? கொடி சுத்திக்கும்மா! புள்ள கழுத்துல கொடி சுத்திக்கும்!"

"டாக்டரம்மா அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னாங்க அத்தை."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? அவங்க இன்னா துணி காயப் போடறாங்களா, பரண்ல பானை எடுக்கறாங்களா? எல்லாத்துக்கும் ஆள் வெச்சிக்கினு இருக்கறவங்க."

கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டே, "ம்மா, அப்ப கரும்பலகையில எழுதற டீச்சருங்கல்லாம்?" என்றார்.

"நீ வாய மூடு. நீ பொறக்கசொல்ல நான் உத்திரத்துப் பக்கம் தலைய கூட நிமித்தல."

கொடி விஷயத்தை நான் நம்பவில்லை என்று கணவரிடம் சொன்னேன். முழுக்க அப்படி இல்லை என்பதை இப்போது சொல்லலாம். புத்தகத்தில் படித்தது ஒன்று, வயிற்றில் பிள்ளை அசையும்போது தோன்றுவது இன்னொன்று. தோழியிடம் சொன்னேன். அவள் எழுந்து, இரண்டு பேருடைய மேல் வரிசையும் தனக்கு எட்டும்படி, தன் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து மேலே எரியும் விளக்கெல்லாம் அவளுடையது, கீழே எரிவது என்னுடையது.

அடுத்த சண்டை வளைகாப்பு. ஏழாம் மாதம் போட்டால் கார்த்திகை. எட்டாம் மாதம் மார்கழி, அதில் யாரும் செய்ய மாட்டார்கள். ஒன்பதாம் மாதம் என்றால் தை. வளைகாப்பு முடிந்த கையோடு பெண் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். தாய்வீட்டுக்குப் போன பெண் வேலைக்குப் போக மாட்டாள் என்பது அத்தையின் எண்ணம். அதனால் கார்த்திகையிலேயே முடித்துவிட வேண்டும் என்று நின்றார். கார்த்திகையில் லீவு தொடங்கினால் மாசியில் பிள்ளை பிறக்கும்போது லீவும் முடிந்திருக்கும். என் தோழிக்காவது கொஞ்சம் மிஞ்சியது.

என்னைக் காப்பாற்றியது ஐயம்பேட்டையில் என் அம்மாவின் வயல். நாற்று நட்டுக் களை எடுக்கிற நேரம், மழை வேறு. "பொங்கல் கழிச்சி அறுப்பு முடிஞ்சிதான் கைல நாலு காசும் இருக்கும், வூட்ல நெல்லும் இருக்கும். எம் பொண்ணுக்கு அரைகுறையா செய்ய மாட்டேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். சம்பந்தி வீட்டு மரியாதைக்கு எதிராக அத்தையால் நிற்க முடியவில்லை. இரண்டு நாள் ராட்டையை மட்டும் வேகமாகச் சுற்றினார்.

நடுவில் வந்த மாதங்களில், மற்ற தேசத்துக் கதைகளில் படிப்பதுபோல் தொட்டில் வாங்குவதும் சட்டை பின்னுவதும் எங்களுக்கு இல்லை. பிறக்கும் முன் பிள்ளைக்கென்று ஒரு நூலும் வாங்கக் கூடாது. முன்கூட்டியே எல்லாவற்றையும் சரியாக வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் என் கண்ணெதிரே ஆயத்தம் என்று ஒன்றும் நடக்கவில்லை. அத்தை மட்டும் கணவரின் பழைய வேட்டிகளை ஒவ்வொன்றாகத் துவைத்து மடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டால், "பழைய துணி, கெடக்குது" என்பார். என் கணவர் ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்துவிட்டார். அத்தை அதை வாசற்படி தாண்ட விடவில்லை. அவர் அதை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப்போய் மேஜை இழுப்பறையில் வைத்தார். ஆறாம் வகுப்புப் பையன்கள் அதைக் கண்டுபிடித்த பிறகு, அவர் பாடம் நடத்தும்போது பின்வரிசையிலிருந்து கிலுகிலு என்று சத்தம் வந்துகொண்டே இருந்ததாம்.

பொங்கல் கழித்து முதல் வாரத்தில் வளைகாப்பு நடந்தது. முதலில் வேப்பங்குச்சியை வளைத்த காப்பு. பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஜோடியாகக் கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்பும். வளையல்காரர் என் கையைப் பிடித்து அமுக்கி ஏற்ற ஏற்ற, மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரை நிறைந்துவிட்டது. பிரசவம் ஆகிற வரை கழற்றக் கூடாது. அந்தச் சத்தம் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்க வேண்டும். புளிச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் சாப்பிட்டு அன்று மாலையே அம்மாவோடு ஐயம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். ஒருநாள் விட்டு மறுநாள் காலை அதே பஸ்ஸில் திரும்பி வந்து போர்டின் முன்னால் உட்கார்ந்தேன். தாய்வீட்டுக்குப் போன பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

அன்று காலைதான் தெரிந்தது. நாங்கள் பேசும் கருவி, கழுத்திலிருந்து தொங்கி மார்பின் மேல் படியும் ஒரு தகடு. அதிலிருந்து ஒரு கொம்பு வாய்க்கு நேரே நீண்டிருக்கும். கையை நீட்டி ஒயரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கை வளையலும் அந்தக் கொம்புக்கு எதிரேதான் குலுங்கும். என் காதுக்கு அது சாதாரணச் சத்தம். மறுமுனையில் இருந்தவர்களுக்குப் பாத்திரக் கடையில் பூனை புகுந்ததுபோல் இருந்திருக்கிறது.

முதலில் சிரித்தார்கள். ஒரு பட்டுக் கடை முதலாளி, "இன்னாம்மா, எக்ஸ்சேஞ்ச்ல கல்யாணமா?" என்றார். இன்னொருவர் நம்பரைச் சொல்லாமல் தன் மனைவியைக் கூப்பிட்டுப் போனைக் காதில் வைத்துக் கேட்கச் செய்தார். ஜரிகை வியாபாரி ஒருவர் இருந்தார், முஸ்லிம் பெரியவர். ஜரிகை வாங்கும் சூரத்துக்கு ட்ரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, போடுவார். நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கு அவர் கரகரத்த குரல்தான். மகளே என்பதை உருதுவில் 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார். அவர் சட்டென்று கண்டுகொண்டார்.

"பேட்டி, இது வளைகாப்பு வளையல்தானே?"

"ஆமாங்க பாய்."

"மாஷா அல்லா. நல்லபடியா ஆவட்டும்மா. இப்ப கொஞ்சம் கைய ஆட்டாம சூரத்தப் போடு. அவன் ரேட்டு சொல்றான், எனக்கு உன் வளையல்தான் கேக்குது."

சூரத் லைன் சாதாரணமாகவே கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். தை மாதக் கல்யாண சீசன் வேறு. வாரம் முடிவதற்குள் சிரிப்பு நின்று புகார் வந்தது. எங்கள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். மதராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். மேடம் என்போம். கெட்டவர் இல்லை. வேலையில் கண்டிப்பு.

"வளையலைக் கழட்டி வெச்சுட்டு வேலை செய். சாயங்காலம் போறப்ப போட்டுக்கோ."

"கழட்டக் கூடாது மேடம்."

"அப்ப நாளையிலேர்ந்து லீவு எழுதிக் குடு. எல்லாப் பொண்ணுங்களும் இந்த நேரத்துல எப்ப லீவுன்னுதான் கேப்பாங்க. நீ என்னடான்னா லீவு வேணாங்கறே. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

பிறப்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மூன்றில் ஒன்று. என் தோழி தலையைத் திருப்பாமல் மேல் வரிசையில் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்றேன்.

வளையலைக் கழற்றியிருக்கலாம். அம்மாவுக்குத் தெரியாமல் பஸ்ஸில் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அத்தைக்குத் தெரியாமல் அதைச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. நாளை பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால், அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டே கழற்றலாம் என்று டியூட்டி முடிந்ததும் ஐயம்பேட்டை பஸ்ஸுக்குப் போகாமல் எங்கள் தெருவுக்கு நடந்தேன்.

அத்தை என்னைத் தெருக்கோடியிலேயே பார்த்துவிட்டார்.

"நில்லு, நில்லு! வளையல் போட்டு அனுப்புன பொண்ணு கைல புள்ள இல்லாம வூட்டுக்குள்ள வரக் கூடாது. அங்கியே நில்லு!"

"அத்தை, உங்களோட பேசணும்."

"பேசு. ஆனா நம்ம வூட்ல இல்ல."

பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து, "ரா தல்லி, இக்கட கூர்ச்சோ" என்று சிரித்துக்கொண்டே என்னை உள்ளே அழைத்தார். அங்கே கூடத்தில் குழித்தறி. அதன் ஓரம் அத்தையின் ராட்டை. சுவரோரமாக ஒரு தூளியில் அந்த வீட்டு மருமகளின் குழந்தை தூங்கியது. அத்தை ராட்டை முன் உட்கார்ந்து சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும் அவர் சொன்னது நான் எதிர்பார்த்ததுதான்.

"கழட்டக் கூடாது. லீவு போடு. சம்பளத்தோட குடுக்கறான், உனக்கு எங்க வலிக்குது?"

"இப்பவே எடுத்துட்டா, குழந்தை பொறந்து ரெண்டு மாசத்துல நான் போயி உக்காரணும் அத்தை."

"உக்காரேன். யார் வேணாங்கறாங்க? தீட்டு கழிச்ச மறுநாளே நான் ராட்டைல உக்காந்தேன். பக்கத்துல தூளி. ஒரு கைல சக்கரம், ஒரு கால்ல தூளிக் கயிறு. அழுதான்னா மடில போட்டுக்கினு சுத்திக்கினே இருப்பேன். பொறக்கற வரைக்கும்தான் ஜாக்கிரதை வேணும். பொறந்துட்டா அதுபாட்டுக்கு நம்மகூட கெடக்குது."

நான் அந்தத் தூளியைப் பார்த்தேன். மருமகள் தறிக்குழியில் உட்கார்ந்து தூளிக்கு எட்டும் தூரத்தில் நெய்துகொண்டிருந்தாள். அந்தத் தெருவில் வேலை செய்யாத பெண் இல்லை. குழந்தையை விட்டுவிட்டு வேலை செய்கிற பெண்ணும் இல்லை. இத்தனை மாதமும் நாங்கள் எதைப் பற்றிச் சண்டை போட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அத்தை, எக்ஸ்சேஞ்சுக்குக் குழந்தைய எடுத்துக்கினு போக முடியாது."

"ஏன்?"

"விட மாட்டாங்க."

"பக்கத்துல ஓரமா ஒரு தூளி..."

"கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க அத்தை. காலைல போனா டியூட்டி முடியற வரைக்கும் நான் மட்டும்தான்."

சக்கரம் நின்றது.

"அப்ப புள்ள பாலுக்கு இன்னா பண்ணும்?"

நான் என் தோழியின் துண்டைப் பற்றிச் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தறியில் இருந்த மருமகள் நெய்வதை நிறுத்திவிட்டாள். அவள் மாமியார் தெலுங்கில் ஏதோ முனகினார். அத்தை ராட்டையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் எந்த ஆபீஸ்ல உக்காந்தேன்?" என்று கோபமாகச் சொன்னார். கோபம் என்மேல் இல்லை. "துண்டு வெச்சிக்கிறாளாம், துண்டு. அவ மாமியாக்காரிக்கு மூள வேணாம்?"

பிறகு, "கைய நீட்டு" என்றார்.

கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். பட்டு சுற்றும்போது அறுந்து விழும் துண்டுப் பட்டைத் தரையிலிருந்து ஒரு பிடி அள்ளினார். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் அது. அதைத் திரித்து, என் வலது கை வளையல்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து, நடுவில் கொடுத்துக் கொடுத்துச் சுற்றினார். மணிக்கட்டைச் சுற்றி மூன்று இடத்தில் கட்டுப் போட்டதும் வளையலெல்லாம் ஒரே பட்டைக் காப்புபோல் ஆகிவிட்டது. இடது கைக்கும் அப்படியே.

"ஆட்டு பாப்பம்."

ஆட்டினேன். சத்தமே இல்லை.

"கழட்டலியே. கட்டித்தான் வெச்சிருக்கோம். சாமி கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"சத்தம் பிள்ளைக்குக் கேக்கணுமே அத்தை?" என்றேன். கொஞ்சம் சீண்டலாகத்தான் கேட்டேன்.

"பகல்ல தூங்கட்டும். சாயந்தரம் பஸ் ஏறசொல்ல இந்த முனையப் புடிச்சி இழு, அவுந்துக்கும். ஐயம்பேட்ட வரைக்கும் நல்லா கேக்கட்டும்."

தினமும் காலையில் என் அம்மா கட்டிவிடுவார். அத்தை கட்டியதுபோல் வராது. ஆனாலும் சத்தம் அடங்கும். முதல் நாள் மேடம் தன் கருவியை என் லைனில் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்து வந்து என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"யார் கட்டினது?"

"மாமியார், மேடம்."

"லீவு எழுதிக் குடுன்னு நான் சொன்னதுக்கா?"

"ஆமா மேடம்."

அவர் சிறிது யோசித்தார். "லீவு லெட்டரை இப்பவே எழுதி என்கிட்ட குடுத்துடு. தேதி மட்டும் போடாதே. என்னிக்கு ஆகுதோ அன்னிக்கு நான் போட்டுக்கறேன்" என்றார். தேதி போடாமல் நான் எழுதிக் கொடுத்த ஒரே கடிதம் அது. கை கூசியது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் சுலபமாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். கால் வீங்கியது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள், ஆனால் நான் எழுந்திருப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடும். தோழி எனக்குப் பலகையொன்றைக் காலடியில் போட்டுக் கொடுத்தாள். ஜரிகை பாய் மட்டும், "பேட்டி, வளையல் எங்க? உடைஞ்சி போச்சா?" என்று பதறிவிட்டார். கட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் பெரிதாகச் சிரித்து, சூரத்துக்காரனிடம் இந்தியில் அதைச் சொல்ல, ரேட்டு பேசும் முன் இருவரும் அதைப் பற்றியே பேசினார்கள். ட்ரங்க் காலில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காசு. அவர் கவலைப்படவில்லை.

மாசி பிறந்து சில நாளில், என் வார ஓய்வு நாளன்று விடியற்காலையில் வலி எடுத்தது. அம்மா வாடகைக் கார் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வெயில் ஏறுவதற்குள் பெண் பிறந்தது. கழுத்தில் கொடி எதுவும் சுற்றவில்லை என்று நர்ஸிடம் அத்தை இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பெட்டியிலிருந்த வேட்டிகள் வந்தன. அத்தனையும் ஏற்கெனவே அளவாகக் கிழித்து, ஓரம் உருட்டித் தைத்திருந்தது. எப்போது தைத்தார் என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்யப் போனார். எடுத்ததும் என் தோழி, "நம்பர் ப்ளீஸ்" என்றாளாம். கணக்கு வாத்தியாருக்கு நம்பர் ஒன்றும் தோன்றவில்லை.

"நம்பரெல்லாம் வேணாங்க. உங்களைத்தான் கூப்பிட்டேன்."

"என்னையா? யாருங்க நீங்க?"

"பொண்ணு பொறந்திருக்குது."

மறுமுனையில் ஒரு கூச்சல். பிறகு மேடத்தின் குரல். "இன்னிய தேதிதானே? போட்டுடறேன். தாயும் பிள்ளையும் எப்படி?" என்று, தேதியை முதலில் வைத்துத்தான் கேட்டாராம். எனக்கு அந்த வரிசை பிடித்திருந்தது.

மூன்று மாதம் முழுதாகக் கிடைத்தது. ஒருநாள்கூட முன்னால் சிந்தவில்லை. பங்குனி வெயிலில் குழந்தையின் நெற்றிக்கு நேரே பனைவிசிறியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். சித்திரையில் அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். வைகாசி பிறந்ததும், லீவு முடியும் நாள் கண்ணுக்குத் தெரிந்ததும், எனக்குப் புரிந்தது: மூன்று மாதம் போதாது. ஆறு மாதம் கொடுத்திருந்தாலும் போதாது. குழந்தையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, இரண்டு நாள் புட்டிப்பாலைக் கொடுத்துப் பார்த்தேன். அவள் ரப்பரை நாக்கால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்து அழுதாள். கைப்பையில் துண்டு வைத்தேன்.

அத்தை அதைப் பார்த்தார். இரண்டு நாள் மத்தியான வேளையில் எங்கேயோ போய்ப் போய் வந்தார். மூன்றாம் நாள், "குழந்தைய எடுத்துக்கினு என்னோட வா" என்றார்.

எக்ஸ்சேஞ்சுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டு முன் நின்றார். எனக்குத் தெரியாத வீடு. உள்ளே இரண்டு தறி ஓடும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி எங்களைக் கண்டதும் கூடத்தின் ஒரு மூலையைக் கையால் காட்டினாள்.

"இனிமே இவங்க தறிக்குத்தான் நான் பட்டு சுத்தப் போறேன். பேசிட்டேன்" என்றார் அத்தை.

"நம்ம பக்கத்து வீட்டுல?"

"அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். பொண்ணு கொஞ்சம் பெருசாவட்டும், திரும்பி வரேன்னு. அவங்க இன்னா பண்ணுவாங்க, நாலு திட்டு திட்டனாங்க. திட்டட்டும்."

அவர் மேலே உத்திரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தார்.

"அந்த கேட்லேர்ந்து இங்க நடந்து வர உனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"பக்கந்தான் அத்தை. ஆனா டீ குடிக்கத்தான் விடுவாங்க. கொஞ்ச நேரந்தான்."

"டீய நான் இங்க போட்டு வெக்கிறேன். நீ ஒரு பக்கம் குடி, அவ ஒரு பக்கம் குடிக்கட்டும்."

வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. கயிற்றை இன்னொரு தரம் இழுத்து, சேலையை மடித்துத் தூளியாகக் கட்டினார். பிறகு என் தோளில் தூங்கிவிட்டிருந்த குழந்தையை வாங்கி, எழுந்துவிடாமல் மெதுவாக அதில் போட்டுவிட்டு, "நீ ஒரு வாட்டி கேட் வரைக்கும் போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றார். நான் போனேன். எக்ஸ்சேஞ்ச் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.